பதினொரு நிபந்தனைப் பூனை

பதினெட்டாவது பெட்டியிலும் இரண்டு பால் டொபி குறைந்திருந்தது.

"எண்ணித்தான் பாத்தியா, இல்ல சும்மா பாத்தியா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் இராஜகுமாரி.

"ரெண்டு தடவ எண்ணினேம்மா."

சொல்லி வாய் மூடுவதற்குள் சஞ்சீவனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாம் தடவை எண்ணும்போது கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதுக்குப் பிறகு பத்து என்று சொன்னோமா, நேரே பதினொன்றுக்குப் போய்விட்டோமா? மூன்றாம் தடவை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்துதான். பன்னிரண்டு இருக்க வேண்டிய பெட்டி.

கொப்பியை எடுத்து எழுதினாள்: "பெட்டி 18. குறைவு 2." பக்கத்தில் வழக்கம்போல அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி. சஞ்சீவனி எழுதாமல் எதையும் நம்பமாட்டாள். எழுதிய பிறகும் முழுதாக நம்பமாட்டாள். பகலில் ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை, பின்னேரம் கண்டி புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் முகாமைத்துவ வகுப்பு. இருபத்துமூன்று வயதில் அவள் நிரப்பி முடித்த கொப்பிகள் பத்தொன்பது. இருபதாகவும் இருக்கலாம்.

அம்பிட்டிய வீதியின் சரிவில் இருந்த அந்த வாடகை வீட்டில் இராஜகுமாரியின் பால் டொபிதான் குலதெய்வத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. டின்பாலும் சீனியும் கஜுவும் போட்டு, தாச்சியில் கிண்டி, தட்டில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டி, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் அடுக்கி, கொழும்புத் தெருவில் காளிமுத்து முதலாளியின் கடைக்கு அனுப்புவாள். அந்தக் காளிமுத்து முதலாளிதான் முதல்நாள் போனில் கூப்பிட்டிருந்தார்.

"அக்கா, பன்னெண்டுன்னு எழுதின பெட்டியில பத்து இருக்குன்னு ஆளுங்க சண்டைக்கு வர்றாங்க. தீபாவளிக்கு இருநூறு பெட்டி உங்களுக்குன்னுதான் வச்சிருக்கேன். இன்னொரு பெட்டி குறைஞ்சா, கடுகண்ணாவையில ஒரு அம்மா நல்லா செய்றாங்களாம்."

கடுகண்ணாவை அம்மா டின்பாலுக்குப் பதிலாகப் பால்மா கரைத்து ஊற்றுகிறவள் என்பது இராஜகுமாரியின் அசைக்க முடியாத முடிவு. அவளிடம் தீபாவளியைப் பறிகொடுப்பதைவிட டொபி கிண்டுவதையே விட்டுவிடலாம்.

"எலிதான்," என்றார் கதிரையில் சாய்ந்திருந்த அப்பா அழகமுத்து. "நான் என் கண்ணால பாத்தேன். இவ்வளவு பெருசு."

போன மாதம் அந்த எலி ஒரு சாண் இருந்தது. இப்போது அவர் கை முழங்கை வரை போயிற்று. முப்பத்தொரு வருடம் மாநகர சபையில் தண்ணீர் மீற்றர் வாசித்து ஓய்வு பெற்றவர். அவர் ஓர் அளவைச் சொன்னால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆதாரமும் அவர்தான் கொண்டுவந்தார். ஒரு காகிதத் துண்டில் சின்னச் சின்னதாக ஐந்தாறு கறுப்பு மணிகள்.

"எலிப் புழுக்க. அலுமாரிக்கு அடியில கிடந்துச்சு."

சஞ்சீவனி குனிந்து பார்த்தாள். "கருஞ்சீரகம் மாதிரி இருக்குப்பா."

"கருஞ்சீரகம் தின்ன எலியா இருக்கும்," என்று சொல்லி, வாழ்நாளில் துடைப்பம் தொடாத அழகமுத்து அதைத் தானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

அவருக்கு வேறு கவலையும் இருந்தது. அழகமுத்துவுக்குச் சீனி வருத்தம். மூன்று வருடமாக ஆள் கடும் பத்தியம். வீட்டுக்கு யார் வந்தாலும், "நாக்குல ஒரு மணி சீனி பட்டதில்ல, இந்த டொபி வீட்டுக்குள்ள இருந்துகிட்டு!" என்பார். வந்தவர்கள் அவரை மாலையிட்டு வந்த ஐயப்ப பக்தரைப் போலப் பார்ப்பார்கள். அப்படியும் கிளினிக்கில் மாதாமாதம் சீனி ஏறிக்கொண்டே போயிற்று. போன தடவை இருநூற்று அறுபத்தெட்டு.

"தூக்கமில்லாட்டி சீனி ஏறும்னு டொக்டரே சொன்னாரு. அந்த எலி ராத்திரியெல்லாம் கொறிக்கிற சத்தத்துல நான் எங்க தூங்குறது?"

ஆகவே எலி டொபியை மட்டும் தின்னவில்லை, அப்பாவின் உடம்பையும் தின்கிறது என்று சஞ்சீவனி எழுதிக்கொண்டாள்.

பெட்டிகளை விட்டுவிட்டு, வெட்டிய டொபிகளை மூடி போட்ட பிஸ்கட் டின்களில் வைத்தார்கள். அப்படியும் குறைந்தது.

"மூடிய அழுத்தினியா?" என்றாள் அம்மா.

"அழுத்தினேன்." அழுத்தினோமா? அழுத்தியது ஞாபகம் இருந்தது. ஆனால் அது முந்தாநாள் அழுத்தியதன் ஞாபகமாகவும் இருக்கலாமே. "சரியா அழுத்தல்ல போல இருக்கும்மா," என்று அவளே பழியை வாங்கிக்கொண்டாள்.

எலிப்பொறி வாங்கினார்கள். உள்ளே ஒரு முழு டொபியைப் பொருத்துகிற பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். விடிந்து பார்த்தால் டொபி இல்லை. பொறி திறந்தது திறந்தபடி.

"படிச்ச எலி," என்றார் அழகமுத்து. "கண்டியில எலிகூட பெரிய ஸ்கூல்லதான் படிக்குது."

மருந்து வைக்கலாம் என்ற பேச்சை இனிப்புச் செய்கிற வீட்டில் எடுக்கவே கூடாது. கடைசியில் வழி சொன்னவர் கறுப்பையா மாமா. அம்மாவின் தம்பி, மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துக்காரர். கண்டியில் முச்சக்கர வண்டி ஓட்டுவதால் கிழமை நாட்களில் அக்கா வீட்டில்தான் படுக்கை.

"ஒரு பூனைய வாங்கிப் போடுங்க. இதுக்குப் போயி மகாநாடா?"

"பூனையா?" அழகமுத்து கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "பூனையெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிவராது மாப்ள."

"ஏன் மச்சான்?"

"அது... வீட்டுக்கு வீடு ஒரு பூனை பொருந்தும். கண்டதையும் கொண்டாந்துட முடியுமா?"

இந்த ஒரு வார்த்தை சஞ்சீவனிக்குப் போதும். போன கிழமைதான் வகுப்பில் தீர்மான அட்டவணை படித்திருந்தார்கள். இடது பக்கம் நிபந்தனைகள், மேலே தெரிவுகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கீழே கூட்டுத்தொகை. மனம் சொல்வதைக் கேட்டு முடிவெடுத்துப் பழக்கமில்லாத சஞ்சீவனிக்கு, தனக்காகவே யாரோ கண்டுபிடித்தது போலிருந்தது அது. அன்று பின்னேரமே கொப்பியோடு வீட்டாரைப் பேட்டி எடுத்தாள்.

அம்மா விரல் விட்டுச் சொன்னாள். "முடி கொட்டக்கூடாது. மீன் நாத்தம் அடிக்கக்கூடாது. குசினிக்குள்ள காலே வைக்கக்கூடாது. குசினியில இருக்கிற எலியப் பிடிக்கணும்."

"குசினிக்குள்ள போகாம எப்படிம்மா பிடிக்கும்?"

"அது அதோட தொழில். அதையும் நானா சொல்லிக் குடுக்கணும்?"

மாமாவுக்கு இரண்டே நிபந்தனை: வண்டியின் சீற்றில் படுக்கக்கூடாது, நாயைக் கண்டால் ஓடக்கூடாது.

பூனையே வேண்டாம் என்றவர், பூனை வருவது உறுதி என்றானதும் எல்லோரையும்விட அக்கறை காட்டினார். "எழுதிக்கம்மா. ராத்திரி நல்லாத் தூங்கணும். கத்தக்கூடாது. ஆளுக்குப் பின்னாலயே வரக்கூடாது. அப்புறம்..." அழகமுத்து சற்று யோசித்தார். "காது கொஞ்சம் மந்தமா இருந்தா நல்லது."

"காதா?"

"பெரஹெரா நேரம் எவ்வளவு சாட்டையடி, மேளம்! பாவம், வாயில்லா ஜீவன் மிரண்டு போகாதா?"

கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்ததற்குப் பதினொரு மாதம் இருந்தது. இருந்தாலும் அப்பாவின் இளகிய மனது சஞ்சீவனியை நெகிழவைத்தது. எழுதிக்கொண்டாள். பத்து நிபந்தனை. பதினோராவது அவளுடையது. அதை மட்டும் வெறுமையாக விட்டாள். தனக்கு எப்படிப்பட்ட பூனை வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வகுப்பில் பக்கத்துக் கதிரை ஷப்ராஸ் அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தான். அவனுடைய அக்கா அக்குறணையில் பூனை வளர்த்து விற்கிறவர்.

"எங்கட ராத்தாட்ட ஒரு பேர்ஷியன் இரிக்கி. தூங்குறதுதான் அதுக்கு வேல. சத்தமே போடாது. வெள்ள நிறம், நீலக் கண்ணு. ஒரே ஒரு குறதான்."

"என்ன?"

"காது கேக்காது. வெள்ளப் பூனைக்கு நீலக் கண்ணா இருந்தா அப்பிடித்தான் கூடுதலா."

இதை சஞ்சீவனி வீட்டில் வந்து சொன்னதும் அழகமுத்து கைதட்டினார். "அது குறையில்லம்மா. அது தகுதி!"

பதினொன்றுக்கு எட்டுப் புள்ளி. ஒரு கிழமை வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாம் என்ற ஒப்பந்தத்தில் கூடையில் வந்து இறங்கியது சுல்தான்.

சுல்தான் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஓர் இடத்தில் இருக்கும், பிறகு இன்னோர் இடத்தில் இருக்கும். பெரும்பாலும் அப்பாவின் மடியில் இருக்கும். அழகமுத்து அதன் தலையைத் தடவித் தடவி, "இப்படி ஒரு ஜாதி! இப்படி ஒரு குணம்!" என்று உருகுவார்.

அந்தக் கிழமை டொபி இரண்டுக்குப் பதிலாக மூன்று மூன்றாகக் குறைந்தது.

நான்காம் நாள் காளிமுத்து முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். கொண்டுவந்த பெட்டியை ஸ்டூலில் வைத்து, ஒரு டொபியை எடுத்து, அதிலிருந்து நீளமான வெள்ளை முடியொன்றை இரண்டு விரலால் மெதுவாக உருவினார். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது.

"இது யாரோட முடி?"

எல்லோர் தலையையும் வரிசையாகப் பார்த்தார். இராஜகுமாரி தலைக்குச் சாயம் பூசுகிறவள். சஞ்சீவனியுடையது கறுப்பு. கறுப்பையா மாமாவுக்கு நெற்றி பிடரி வரை போயிருந்தது. அழகமுத்துவின் தலையில் தேடுவதற்கே ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து சுல்தான் கதவோரத்தில் இருந்தது.

"இது கடைசித் தடவ அக்கா," என்றார் காளிமுத்து முதலாளி, முடியை வெளிச்சத்தில் பிடித்தபடி. "சத்தியமா கடைசி. கடுகண்ணாவை அம்மா வீட்டுல பூனை இல்லயாம். விசாரிச்சிட்டேன்."

முடி கொட்டுவதற்கு மாமா மருந்து கண்டுபிடித்தார். அப்பாவின் பழைய பனியனை வெட்டி, நான்கு கைவைத்து, சுல்தானுக்கு மாட்டினார். பனியன் போட்ட சுல்தானைப் பார்த்தால் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் போல இருந்தது. பனியன் போட்டால் முடி உள்ளேயே கிடக்கும் என்பது மாமாவின் கணக்கு. பனியனுக்குள் சுல்தானுக்கு வியர்க்கும், வியர்த்தால் குளிர்ச்சியான இடம் தேடும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வீட்டில் குளிர்ச்சியான இடம் குசினி மேசை. மேசைமேல், சூடு ஆறி இறுகத் தொடங்கியிருந்த டொபித் தட்டு.

இராஜகுமாரி கிணற்றடியிலிருந்து திரும்பியபோது சுல்தான் தட்டின் நடுவில் படுத்திருந்தது. எழும்ப முயன்றபோது தட்டும் கூடவே எழும்பியது.

பனியனைக் கத்தரித்துத்தான் பூனையைப் பிரித்தார்கள். பிறகு வெந்நீரில் துணி நனைத்து ஒவ்வொரு காலாகத் துடைத்தார்கள். இவ்வளவும் நடக்கும்போது சுல்தான் ஒரு தடவை கொட்டாவி விட்டது. அறுபது டொபி போயிற்று. எலி ஒரு மாதம் தின்றதைவிட அதிகம் என்று சஞ்சீவனி எழுதினாள். இம்முறை கேள்விக்குறி போடவில்லை.

"அந்தப் பூனைய இப்பவே அனுப்பு," என்றாள் இராஜகுமாரி.

"பனியனக் கழட்டிட்டா சரியாயிரும் ராஜி..." என்றார் அழகமுத்து. அவருக்குக் கண் கலங்கியே விட்டது.

அடுத்ததை மாமா தன் செலவில் மடுல்கெல்லயிலிருந்து கொண்டுவந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் பிறந்து வளர்ந்த கடுவன் பூனை. "இது முன்னால பேர்ஷியாவாவது கீர்ஷியாவாவது!" உரச் சாக்கின் வாயை அவிழ்த்ததும் அது நேரே அலுமாரியின் உச்சிக்குப் பாய்ந்தது. இரண்டு நாள் அங்கிருந்தபடி குடும்பத்தை ஆராய்ந்தது. மூன்றாம் நாள் இறங்கி, மாமாவின் கருவாட்டுச் சோற்றுப் பார்சலை முடித்துவிட்டு, ஜன்னல் வழியாகப் போயிற்று. எங்கே போயிற்று என்று தெரியாது. ஊருக்கே போயிருக்கும் என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாகவே.

தீபாவளிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. டொபி குறைந்துகொண்டே இருந்தது.

"இன்னும் ஒண்டுதான் இரிக்கி," என்றான் ஷப்ராஸ் தயங்கித் தயங்கி. "சியாமீஸ் கலப்பு. பொட்ட. சின்ன வயசுல இருந்தே ராத்தா அதுக்குத் தீனி வெச்ச பிஸ்கட் டின்னுலதான். இப்ப எந்த டின் மூடி தொறந்தாலும் தனக்குத்தான்னு நெனச்சிக் கத்தும். சும்மா கத்தில்ல. அக்கம்பக்கத்தாக்கள் வந்து கதவத் தட்டுவாங்க. அதாலதான் ஆரும் எடுக்கல்ல. ராத்தாக்கும் விடிஞ்சா தலயிடி."

சஞ்சீவனி புள்ளி போட்டாள். பதினொன்றுக்கு இரண்டு. தப்பாகக் கூட்டியிருப்போமோ என்று திரும்பக் கூட்டினாள். ஒன்றரைதான் வந்தது. ஆனால் வேறு பூனை இல்லை.

கூடைக்குள்ளிருந்து மெலிந்த, பழுப்பு நிறத்தில், முகத்தில் மட்டும் கரி பூசியது போல ஒரு பூனை தலையை நீட்டி வீட்டாரைப் பார்த்தது. அந்த நேரம் இராஜகுமாரி குசினியில் சீனி டின்னைத் திறந்தாள்.

எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"அம்மாடி! என் வண்டி ஹோர்ன்கூட இப்படி அடிக்காது!" என்றார் மாமா. அதுவே அதற்குப் பெயராயிற்று. ஹோர்ன்.

அன்றிரவு ஹோர்ன் இரண்டு தடவை அலறியது. இரண்டு தடவையும் அம்மாவும் மகளும் மாமாவும் எழும்பிக் குசினிக்கு ஓடினார்கள். இரண்டு தடவையும் அங்கே யாரும் இல்லை. டொபி டின்னுக்குப் பக்கத்தில் ஹோர்ன் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தவர் அழகமுத்து.

"மனுசன் தூங்குறதா இல்லயா இந்த வீட்டுல?"

காலையில் சஞ்சீவனி டின்களை எண்ணினாள். திரும்ப எண்ணினாள். அம்மாவையும் எண்ணச் சொன்னாள்.

ஒன்றுகூடக் குறையவில்லை.

இராஜகுமாரி அந்தப் பூனையை அப்படியே தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். "என் ராசாத்தி! எலிய வெரட்டிட்டியாடி?"

"அதெல்லாம் சரி," என்றார் அழகமுத்து. "இது ராத்திரி தூங்கல்ல. கத்துது. ஆளுக்குப் பின்னாலயே வருது. காது பாம்புக் காது. நான் சொன்ன நிபந்தனையில ஒண்ணாவது இருக்கா? கொப்பியப் பாரு சஞ்சி!"

சஞ்சீவனி கொப்பியைப் பார்த்தாள். அப்பா சொன்னது முழுக்க உண்மை.

"தூக்கம் கெட்டா எனக்குச் சீனி ஏறும். டொபி முக்கியமா, நான் முக்கியமா?"

இராஜகுமாரி ஒரு கணம் யோசித்தாள். ஒரு கணம்தான். ஆனாலும் எல்லோரும் கவனித்தார்கள்.

"ஒரு மாசம் பாப்போம்ங்க. அடுத்த கிளினிக்குல சீனி ஏறியிருந்தா அன்னைக்கே பூனை அக்குறணைக்குப் போகுது. இறங்கியிருந்தா இங்கயே இருக்கட்டும்."

"இறங்குமா? இந்தச் சத்தத்துலயா?" என்று சிரித்தார் அழகமுத்து. வென்றுவிட்ட சிரிப்பு அது.

தீபாவளிக்கு இருநூறு பெட்டியும் போயின. காளிமுத்து முதலாளி மாதிரிக்குப் பத்துப் பெட்டியைத் திறந்து எண்ணினார், வெளிச்சத்தில் பிடித்து முடி தேடினார், பிறகு புதுவருடத்துக்கும் சேர்த்துப் பெட்டி சொல்லிவிட்டுப் போனார். கடுகண்ணாவை அம்மாவைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அப்பாதான் வாடிப்போனார். பின்னேரங்களில் கதிரையில் உட்கார்ந்து ஹோர்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹோர்ன் எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதோடு சமாதானமாகப் போக அவர் எவ்வளவோ முயன்றார். கருவாடு வாங்கிக் கொடுத்தார். தின்றுவிட்டுத் திரும்பவும் பார்த்தது. ஒருநாள் வீட்டிலிருந்த டின் மூடிகளுக்கெல்லாம் நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கேட்டால், "சத்தம் வராம இருந்தா பூனைக்கும் நிம்மதிதானே" என்றார். அன்றிரவும் அலறியது.

சஞ்சீவனிக்கு வேறொரு சங்கடம். பின்னேர வகுப்பு முடிந்து வந்து அவள் எழுத உட்கார்ந்தால், ஹோர்ன் வந்து கொப்பியின்மேல் சரியாக அவள் எழுதவேண்டிய வரியில் உட்காரும். தள்ளினால் திரும்ப வரும். ஒருநாள் அவள் எழுதுவதை விட்டுவிட்டு அதன் கரிய காதைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் சும்மா இருந்தாள். அப்படி ஒன்றும் செய்யாமல் இருந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. பிறகு பதினோராவது நிபந்தனைக்கு எதிரே, வெறுமையாக விட்ட இடத்தில் எழுதினாள்: "எனக்குப் பிடித்திருக்க வேண்டும்." அதற்குப் பக்கத்தில் திரும்ப யோசிக்காமல் புள்ளி போட்டாள்.

ஆனால் கொப்பியின் கடைசிப் பக்கம் வேறு கதை சொன்னது. இருபத்தெட்டு இரவில் ஹோர்ன் ஒன்பது இரவு அலறியிருந்தது. அந்த ஒன்பது இரவும் அப்பா தூங்கவில்லை. தூக்கம் கெட்டால் சீனி ஏறும். எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றுதான். கிளினிக் நாளுக்கு முதல்நாள் அவள் கூடையைத் துடைத்து வைத்தாள். ஷப்ராஸிடம், "நாளைக்குப் பூனைய எடுக்க வரவேண்டியிருக்கும்" என்றாள். அவன் தன் பேனையை மூடித் திறந்து மூடினான்.

செவ்வாய்க்கிழமை மூவரும் கிளினிக்கின் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். இலக்கம் நாற்பத்தேழு. தீர்ப்பைத் தன் காதால் கேட்கவேண்டும் என்று அம்மாவும் வந்திருந்தாள். அப்பா மட்டும் நிம்மதியாக இருந்தார்.

"நாற்பத்தேழு!"

தாதி பிரேமிளா கிளினிக் கொப்பியைப் பிரித்தாள். புது இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தாள். பழைய பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி துண்டைப் பார்த்து, பெயர் சரியா என்று கேட்டாள்.

சஞ்சீவனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நூத்தி முப்பத்தொண்ணு," என்றாள் பிரேமிளா. "போன தடவ இருநூத்தி அறுபத்தெட்டு. தீபாவளி மாசத்துல வந்த அத்தன பேருக்கும் ஏறியிருக்கு. உங்களுக்கு மட்டும் பாதியா இறங்கியிருக்கே ஐயா! என்ன மாத்தினீங்க?"

அழகமுத்து துண்டை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே மாத்தல்ல மிஸ்," என்றாள் இராஜகுமாரி. "எங்களுக்கும் விளங்கல்ல. வீட்டுல ஒரு எலித் தொல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா இவருக்குத் தூக்கமும் இல்ல."

"எலி போனா தூங்கலாம்தானே?"

"எலிய வெரட்ட ஒரு பூனை எடுத்தோம். டின் மூடிய யாரு தொறந்தாலும் அது கத்தும்."

"எலி ஒண்ணுகூடப் பிடிக்கல்ல," என்று சஞ்சீவனி கொப்பியைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள், தரவு முழுமையாக இருக்கட்டும் என்று. "வந்த நாள்ல இருந்து ஒண்ணுகூட இல்ல மிஸ். ஆனா ஒரு டொபியும் குறையல்ல."

"டொபியா?"

"பால் டொபி. அம்மா கடைக்குச் செய்றாங்க. டின்னுக்குள்ளதான் வைக்கிறது."

பிரேமிளா மெதுவாக நிமிர்ந்து அழகமுத்துவைப் பார்த்தாள். அழகமுத்து கூரையில் ஓடாமல் நின்ற மின்விசிறியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ மீற்றர் இருப்பதுபோல.

அவள் கிளினிக் கொப்பியை மூடி அவர் கையில் கொடுத்தாள். வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"அம்மா, அந்தப் பூனை குட்டி போட்டா எனக்கு ஒரு நாப்பது குட்டி எடுத்து வைங்க, இந்த வாங்குல இருக்கிற எல்லார் வீட்டுலயும் அந்த எலிதான்."